ஆர்ஓ தண்ணீரில் இரண்டரை வருட மீன்தொட்டி: அந்த நீல பாட்டில் தேவைதானா?

போன வாரம் மச்சான் போன் செய்தான். புதிதாக மீன்தொட்டி வைத்திருக்கிறான். "மாமா, நான் ஊத்துறது வீட்டு ஆர்ஓ தண்ணி. கடைக்காரர் அதுக்கும் ஆன்டி குளோரின் ஊத்தணும்ங்கிறார். ஊத்தணுமா?" என்று கேட்டான். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். முக்கால் மணி நேரம் பேசினேன்.

வேளச்சேரிப் பக்கம் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) விட்டால் 1400 காட்டும். ஆர்ஓ மெஷினில் அது 60-க்கு இறங்கிவிடும். தொட்டி மூன்றடி, 90 லிட்டர். வாராவாரம் 25 லிட்டர் மாற்றுவேன். ஒவ்வொரு முறையும் ஆன்டி குளோரின், அதாவது குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும் அந்த நீல பாட்டிலிலிருந்து ஒரு மூடி. ஏன் என்று கேட்டதே இல்லை. மீன் வாங்கிய கடையில் சொன்னார்கள், ஊற்றினேன்.

இதில் கூத்து என்னவென்றால், போர் தண்ணீரில் குளோரினே கிடையாது. மெட்ரோ தண்ணீரில்தான் உண்டு. அப்படி வந்தாலும் மெஷினுக்குள், உப்பை வடிகட்டும் மெம்பிரேனுக்கு முன்னால், குளோரினைப் பிடித்துவைக்கும் கார்பன் ஃபில்டர் இருக்கிறது. குளோரின் பட்டால் மெம்பிரேன் கெட்டுவிடும் என்பதற்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். ஆக, முதலிலும் இல்லாத, வந்தாலும் கார்பனைத் தாண்டாத ஒன்றுக்கு நான் இவ்வளவு நாள் மருந்து ஊற்றியிருக்கிறேன். மலிவான பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட், பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்களே, அதுதான்.

பணம் போனது கூடப் பரவாயில்லை. அந்த பாட்டில் இருந்ததால், தண்ணீரில் நிஜமாகவே குறைவது எது என்று நான் யோசிக்கவே இல்லை. இன்றும் ஆறாத எரிச்சல் அதுதான்.

நான்காவது மாதம் மோலி மீன்கள் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நகராமல் இருந்த இடத்திலேயே நெளிய ஆரம்பித்தன. நத்தைகளின் ஓடு வெளுத்துக் குழி விழுந்தது. கடையில் கேட்டால், 'ஆன்டி குளோரினைக் கொஞ்சம் கூட்டுங்க, கூடவே இந்த இன்னொரு மருந்தும் விடுங்க' என்றார். இரண்டையும் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் கேஹெச், அதாவது தண்ணீரில் இருக்கும் கார்பனேட் அளவு, பார்க்கும் சொட்டு மருந்து வாங்கினேன். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். நீலம் மஞ்சளாக எத்தனை சொட்டு ஆகிறதோ அத்தனை டிகிரி. எனக்கு முதல் சொட்டிலேயே மஞ்சள். அதாவது தொட்டியில் கார்பனேட் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

மீன் கழிவின் அமோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகும். சாதாரணத் தண்ணீரில் கார்பனேட் அதை வாங்கிக்கொள்ளும். ஆர்ஓ அதையும் சேர்த்தே எடுத்துவிடுவதால் பிஹெச் சத்தமில்லாமல் இறங்கும். ஆறுக்குக் கீழே போனால் பாக்டீரியாவும் சோர்ந்துவிடும். தண்ணீர் என்னவோ கண்ணாடி போல இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் நான் செய்தது தனி முட்டாள்தனம். ஆப்ப சோடா 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 6 கிராம் போட்டால் கேஹெச் நாலு டிகிரி ஏறும். கணக்கெல்லாம் சரி. ஆனால் ஒன்றரை ஸ்பூனை ஒரே தடவையில் கரைத்து ஊற்றினேன். பிஹெச் குறைவாக இருந்தபோது அமோனியம் என்ற சாதுவான வடிவில் சேர்ந்திருந்த மீன் கழிவு, பிஹெச் ஏறியதும் விஷமான அமோனியாவாக மாறிவிட்டது. மறுநாள் காலை இரண்டு மோலிகள் மிதந்தன. இதற்கு எந்தக் கடைக்காரரையும் திட்ட முடியாது.

இப்போது செய்வது இதுதான்: 20 லிட்டர் ஆர்ஓ, 5 லிட்டர் போர் தண்ணீர். டிடிஎஸ் 330 பக்கம் வருகிறது, நாலாவது சொட்டில் மஞ்சள். புது நத்தைகளின் ஓடு பளபளக்கிறது. மோலி குட்டி போட்டுத் தள்ளுகிறது. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு மட்டும் வெறும் ஆர்ஓ. உப்பு ஆவியாகாதே, போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் வெள்ளைக் கறை படியாதது ஒரு பெரிய நிம்மதி.

இப்படித் தெளிவாக இருந்தவனைப் போன மாதம் சர்வீஸ் ஆள் குழப்பிவிட்டுப் போனார். கழற்றிய கார்பன் ஃபில்டரைக் காட்டி, மாற்ற வேண்டிய நாள் தாண்டி ஒரு வருடம் ஆகிறது என்றார். கோடையில் எங்கள் சம்புக்கு மெட்ரோ லாரி தண்ணீர் வரும். கார்பன் செத்திருந்தால் குளோரினை மெம்பிரேன் அவ்வளவாகத் தடுக்காது. போன கோடையில் என் தொட்டியைக் காப்பாற்றியது எது என்று யோசித்தால், ஒரு வேளை அந்தப் பழக்கதோஷ மூடிதானோ? அதனால் பாட்டிலை இன்னும் தூக்கிப் போடவில்லை. லாரி வந்த வாரம் மட்டும் குளோரின் இருக்கிறதா என்று காட்டும் ஓடிஓ சொட்டு விட்டுப் பார்க்கிறேன், மஞ்சளானால் ஊற்றுவேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும், புதிதாக ஆரம்பிப்பவர் கேட்டால் மீன்தொட்டிக்கு ஆர்ஓ வேண்டாம் என்றுதான் சொல்வேன். 20 லிட்டர் பிடிக்க என் மெஷின் 60 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. 2019 கோடையில் குடத்தோடு நின்ற ஊர் இது. அந்தக் கழிவுக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பாதியை வீடு துடைக்கப் பிடித்துவைக்கிறேன், மீதியைப் பற்றிப் பேச வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மச்சான் கடைசியில், "சரி மாமா, நான் என்னதான் ஊத்தட்டும்?" என்றான்.

"மருந்து வேண்டாம்டா. வாளிக்கு நாலு செம்பு போர் தண்ணியைக் கலந்துக்கோ."

"அந்தத் தண்ணி சரியில்லன்னுதானே மாமா ஆர்ஓவே வாங்கினேன்?"