பிரிக்பீல்ட்ஸ் வண்டல் குளப் பயிற்சி: நிலக்கரி வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவுமா?

எங்கள் கம்பெனி இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் மண்வேலையை எடுத்திருக்கிறது. மழைநீர் அடித்து வரும் மண்ணைத் தங்கவைக்கும் வண்டல் குளங்களை வடிவமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காஜாங், சிரம்பான் பக்கம் வீடமைப்புத் திட்டங்களுக்குக் குளம் போட்ட அனுபவம் உண்டு, நிலக்கரி புதிது. அதனால்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹோட்டல் மாடியில் நடந்த இந்த இரண்டு நாள் பயிற்சிக்கு முதலாளி பணம் கட்டி அனுப்பினார். கட்டணம் 1,400 ரிங்கிட், சாப்பாடு உட்பட.

முதல் நாள் காலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜேபிஎஸ்ஸின் (வடிகால், நீர்ப்பாசன இலாகா) எம்எஸ்எம்ஏ என்ற மழைநீர் மேலாண்மைக் கையேடு, இரண்டாம் பதிப்பு, அப்படியே ஸ்லைடாக ஓடியது. வீட்டிலேயே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு முன் பயிற்றுநர் இரண்டு கண்ணாடி அளவுக் குழாய்களில் தண்ணீர் நிரப்பினார். ஒன்றில் ஆற்று மணல் சலித்த தூள், இன்னொன்றில் அதே சல்லடையில் சலித்த நிலக்கரித் தூள். இரண்டையும் குலுக்கி வைத்துவிட்டு, "சாப்பிட்டு வாங்க, பேசுவோம்" என்றார். வாழை இலைச் சோற்றை முடித்து மெதுவாகத்தான் திரும்பினோம். மணல் குழாயில் அடியில் பழுப்புப் படிவு, மேலே ஓரளவு தெளிந்த நீர். நிலக்கரிக் குழாய் பால் விடாத கோப்பி ஓ மாதிரி கறுத்தே நின்றது. மேல்மட்டத்தில் பளபளவென்று ஒரு கரிப் படலம் வேறு. நுண்ணிய கரித்தூளில் தண்ணீர் சரியாக ஒட்டாது, கொஞ்சம் மிதக்கத்தான் செய்யும் என்றார். குளத்தின் வெளிவாயில் முன்னால் மிதவைத் தடுப்பு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

கணக்கு இதுதான். மணல் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம், நிலக்கரி ஏறத்தாழ 1.3 மடங்குதான். தண்ணீரைவிட மிஞ்சும் கனம்தான் (1.65, 0.3) துகளைக் கீழே இழுக்கும். அதனால் ஒரே அளவுத் துகளாக இருந்தாலும் நிலக்கரி ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் இறங்கும். 0.02 மில்லிமீட்டர் துகளைப் பிடிக்க, வினாடிக்கு ஒரு கனமீட்டர் நீர் உள்ளே வந்தால் அதற்குச் சுமார் 4,100 சதுர மீட்டர் பரப்பு வேண்டும் என்று ஆஸ்திரேலியக் கையேடு சொல்கிறது. அது மணல், வண்டல் கணக்கு. நிலக்கரிக்கு அதை ஐந்தால் பெருக்கினால் 20,000 சதுர மீட்டரைத் தாண்டும், ஐந்து ஏக்கர்! அவ்வளவு நிலத்தை எந்தச் சுரங்க மேலாளர் கொடுப்பார்?

"அப்போ ஆழமா வெட்டிடலாமே சார்?" என்று கேட்டேன்.

"ஆழம் சேறு தங்கத்தான் தம்பி. துகள் இறங்குறதுக்குப் பரப்புதான் கணக்கு" என்றார். பிறகு கரிக் குழாயில் பிஏசி (துகள்களை ஒன்றுதிரட்டும் ரசாயனம்) கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மெதுவாகக் கலக்கினார். கறுப்புத் திரிதிரியாகத் திரண்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. கொடுத்த காசு இந்த ஒரு மதியத்துக்கே சரியாகிவிட்டது என்பேன்.

இரண்டாம் நாள் வரைபடம். சுரங்கத்தின் மேல்பக்கத்திலிருந்து வரும் சுத்தமான நீரை முதலில் கால்வாய் வெட்டித் திருப்பிவிடு, குளம் தானாகவே சிறுக்கும் என்பதில் நிறைய நேரம் செலவிட்டார், நியாயம்தான். 10 ஹெக்டேர் நிலம், 50 மில்லிமீட்டர் மழை, ஓட்டக் கெழு (மழையில் ஓடிவரும் பங்கு) 0.7 என்றால் 3,500 கனமீட்டர் நீர் வரும். அதில் பாதி நிலத்தின் சுத்தமான நீரைத் திருப்பிவிட முடிந்தால் கொள்ளளவும் பாதிதான். நீர் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் எதிரெதிர் முனையில் இருக்கவேண்டும், அவசரக் கலிங்கு தனியாக வேண்டும் என்பதெல்லாம் வழக்கமான பாடம்.

ரவாங்கிலிருந்து வந்த ஒரு குத்தகைக்கார அண்ணன் மட்டும் வேறு திசையில் கேட்டார்: "தூர் வாராம எத்தனை மாசம் ஓட்டலாம் சார்?" பயிற்றுநர் சிரித்துவிட்டு, "குளத்துல அளவுக்கம்பு நட்டு வைங்க அண்ணே, அது சொல்லும். லாங் ஆர்ம் எக்ஸ்கவேட்டர் போய் நிக்க வழி விட்டீங்களா, அதச் சொல்லுங்க முதல்ல" என்றார். என் வரைபடத்தில் அந்த வழியை அங்கேயே வரைந்துகொண்டேன்.

குறைகளும் உண்டு. உதாரணம் எல்லாவற்றிலும் கோலாலம்பூர் மழைத் தரவுதான். கலிமந்தானுக்கோ, நிலக்கரி இருக்கும் நம் சரவாக் முக்காவுக்கோ அதை அப்படியே போட முடியாது. அமில நீரை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உள்ள பாறை காற்றும் நீரும் பட்டால் அமிலம் விடும், சுண்ணாம்பு போடவேண்டும், அவ்வளவுதான். இந்தோனேசியாவின் 2003ஆம் ஆண்டு ஆணை நிலக்கரிச் சுரங்க நீருக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்ற, நீரில் கலங்கி நிற்கும் திடப்பொருள் வரம்போடு, பிஎச் 6 முதல் 9 வரை, இரும்பு, மாங்கனீஸ் வரம்புகளையும் வைத்திருக்கிறது. கலங்கலை மட்டும் தெளியவைத்து அனுப்பினால் மாதிரி எடுக்கிறவர் சும்மா விடமாட்டார். இதற்கு ஒரு நாளே ஒதுக்கலாம்.

இன்னொன்று: 1960இல் மூடிய பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் சிலாங்கூரிலேயே இருக்கிறது, குழிகள் இன்று ஏரிகள். வேன் பிடித்தால் ஒரு மணி நேரம். ஹோட்டல் அறையில் ஸ்லைடு போட்ட முதல் நாள் காலையை அங்கே நடத்தியிருக்கலாம்.

வீடமைப்புக் குளம் மட்டும் போடுகிறவர்கள் 1,400 ரிங்கிட்டை மிச்சப்படுத்தலாம். நிலக்கரி, குவாரி, பாக்சைட் பக்கம் போகிறவர்கள் போங்கள். உங்கள் தளத்து மண்ணில் ஒரு கிலோவைப் பையில் கட்டிக்கொண்டு போங்கள், கேட்டால் குழாயில் போட்டுக் காட்டுகிறார். பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடப்பதே மேல்.