ஃபின்லாந்து போலீஸின் அபராதக் கணக்கி: சம்பளத்தைப் போட்டால் ஃபைன் வரும்

ஃபின்லாந்தின் எஸ்போ நகரத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது, ஒரு ஃபைன்கூடக் கட்டியதில்லை. ஆனாலும் போன வாரம் ராத்திரி, நான் மாட்டினால் எவ்வளவு அழ வேண்டியிருக்கும் என்று போலீஸ் தளத்தில் இருக்கும் 'சக்கோலஸ்குரி' என்ற அபராதக் கணக்கியில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: இங்கே வேக வரம்பை 20 கி.மீ.க்கு மேல் தாண்டினால் அபராதம் இத்தனை யூரோ என்று கிடையாது, இத்தனை 'நாள்' என்று போடுவார்கள். நாளுக்கு என்ன விலை என்பது அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. 1921லிருந்து இப்படித்தான். வரி போகக் கைக்கு வரும் மாச வருமானத்தில் 255 யூரோவை அடிப்படைச் செலவுக்கு என்று விட்டுவிடுகிறார்கள், மீதியை 60ஆல் வகுக்கிறார்கள், அப்புறம் நம்மை நம்பி இருக்கும் ஒவ்வொரு உயிருக்கும் 3 யூரோ தள்ளுபடி. எவ்வளவு ஏழையானாலும் நாளுக்கு 6 யூரோவுக்குக் கீழே போகாது.

12 நாள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். கையில் 3,000 வாங்கும், இரண்டு பிள்ளைகள் உள்ள ஆளுக்கு ஏறக்குறைய 470 யூரோ. பகுதி நேர வேலையில் 900 வாங்கும் மாணவனுக்கு 120 சொச்சம். 15,000 வாங்கும் மேனேஜருக்கு மூவாயிரத்தைத் தொடுகிறது. "பசங்களால 72 யூரோ மிச்சம், பாருங்க" என்றாள் மனைவி.

எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. 120 யூரோ அந்த மாணவனுக்குக் குடுக்கும் வலியும் 3,000 யூரோ அந்த மேனேஜருக்குக் குடுக்கும் வலியும் ஏறத்தாழ ஒன்று என்பதுதான் இதன் நியாயம். 2023இல் ஆலந்து தீவில் ஆண்டர்ஸ் விக்லெஃப் என்ற கோடீஸ்வரர் 50 கி.மீ. வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 82இல் போய் 1,21,000 யூரோ அபராதம் வாங்கினார். எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் அவருக்கு அது டீக்காசு.

குறை இல்லாமல் இல்லை. நாம் இன்றைய சம்பளத்தைப் போட்டுப் பார்த்து நிம்மதியாகிறோம், ஆனால் போலீஸ் பார்ப்பது வரித்துறைப் பதிவை, அது பழைய வருஷத்துக் கணக்காக இருக்கலாம். நோக்கியா கம்பெனியின் உயர் அதிகாரியாக இருந்த அன்சி வன்யோகி கதை இதுதான்: ஹார்லி பைக்கில் 50இல் போக வேண்டிய இடத்தில் 75இல் போனதற்கு 2002இல் 1,16,000 யூரோ போட்டார்கள், வருமானம் இறங்கிவிட்டது என்று அவர் முறையிட்ட பிறகு ஐயாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. அவருக்கு வக்கீல் இருந்திருப்பார். போன மாசம் வேலை போன ஒருவர் இதையெல்லாம் தானாகவே எடுத்துச் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும்.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் வேறு இடத்தில். 20 கி.மீ. வரை தாண்டினால் இந்தக் கணக்கே இல்லை, ஆளைப் பார்க்காத நிலையான தொகை. எங்கள் அடுக்ககத்து மாடிப்படியைத் துடைக்கும் அக்காவும் என் கம்பெனி முதலாளியும் 18 கி.மீ. கூடுதலாகப் போனால் ஒரே பில். ரோட்டில் முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு அதுதானே? அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து, இந்த முறைக்கு நான் போடுவது ஐந்துக்கு நாலு.

போட்டுப் பார்க்கிறவர்கள் பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையைப் போடுங்கள். ஆபீஸ் நண்பர் மொத்தச் சம்பளத்தைப் போட்டுவிட்டு மதியம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார்.