ஒற்றைத் தகடா, சாண்ட்விச் அடியா, ட்ரைப்ளையா: எவர்சில்வர் சட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது என் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப் போவதெல்லாம் சிங்க் முன்னால் நிற்கும் ஆளின் பார்வைதான். அடுப்பு முன்னால் நிற்பவரைக் கேட்டால் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லலாம்.

மூன்றாவது நான்ஸ்டிக் சட்டியும் பூச்சு உரிந்து போனபோது, போதும், இனி எவர்சில்வர்தான் என்று முடிவு செய்தோம். கடையில் போய் நின்றால் எல்லாச் சட்டியும் ஒரே மாதிரி பளபளக்கிறது, விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்றை வாங்கி ஏமாந்து, இன்னொன்றை வாங்கிப் பாதி ஏமாந்து, கடைசியில் மூன்று வகையும் அலமாரிக்கு வந்து சேர்ந்துவிட்டன.

மூன்று வகை எவை? ஒற்றைத் தகடு என்பது அடி முதல் விளிம்பு வரை வெறும் எவர்சில்வர். சாண்ட்விச் அடி என்பது அதே சட்டிக்குக் கீழே தடியான அலுமினிய வட்டு ஒன்றை வைத்து, அதையும் எவர்சில்வரால் மூடி அழுத்தி ஒட்டியது. ட்ரைப்ளை வேறு கதை. எவர்சில்வர், அலுமினியம், எவர்சில்வர் என்று மூன்று தகடுகளை முதலிலேயே உருளைகளுக்கு இடையில் விட்டு ஒரே தகடாக ஒட்டி, அப்புறம்தான் அதைச் சட்டியாக அழுத்தி எடுக்கிறார்கள். அதனால் அலுமினியம் அடியோடு நின்றுவிடாமல் பக்கச் சுவர் வழியாக விளிம்பு வரை ஏறுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1971-இல் தொடங்கிய ஆல்-க்ளாட் நிறுவனம் இந்த முறையில்தான் பேர் வாங்கியது. இன்று இதைச் செய்யாத பாத்திரக் கம்பெனி குறைவு.

எந்த ரக எவர்சில்வர் என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 18/8, 18/10 என்றால் முதல் எண் குரோமியம், இரண்டாவது நிக்கல், இரண்டும் சதவீதம். 304 என்ற ரகத்தில் நிக்கல் 8 முதல் 10.5 சதவீதம் வரை இருக்கலாம் என்பதால் இரண்டுமே அந்த ஒரே ரகத்துக்குள் வந்துவிடும். 18/10 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 18/0 என்பது நிக்கல் இல்லாத 430 ரகம், காந்தம் ஒட்டும், இண்டக்‌ஷன் அடுப்புக்கு அதுதான் வேண்டும். நல்ல ட்ரைப்ளையில் உள்பக்கம் 304-உம் வெளிப்பக்கம் 430-உம் இருப்பது இதனால்தான். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று ஒரு நம்பிக்கை உண்டு, அது பாதி உண்மை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் உப்பு பட்டால் அது 304 அளவுக்குத் தாங்காது. எனவே காந்தத்தை நம்பாமல் அடியில் ரகத்தின் எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இனி நான் பேச வந்த விஷயம். அடிப்பிடிப்பது.

எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும், செம்பு ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு. தீ எங்கே படுகிறதோ அங்கே மட்டும் எவர்சில்வர் காய்ந்து சிவக்கும், நான்கு விரல் தள்ளி இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். காய்ந்த இடத்தில் பிடிக்கும், பிடித்தது கருகும், கருகியதை யார் தேய்ப்பது? நான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று சட்டியிலும் கோதுமை மாவை மெல்லிசாகப் பரப்பி, ஒரே கேஸ் அடுப்பில், ஒரே அளவு தீயில், ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒற்றைத் தகட்டில் மூன்று நிமிடத்துக்குள் பர்னரின் படமே வந்துவிட்டது. ஓட்டைக்கு ஒரு பழுப்புப் பொட்டு, வட்டமாக, நடுவில் மாவு வெள்ளை வெளேரென்று அப்படியே. சாண்ட்விச் அடியில் நடுப்பகுதி அழகாக ஒரே பழுப்பாக வந்தது. ஆனால் அலுமினிய வட்டு முடிந்து சுவர் தொடங்குவதற்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கிறது பாருங்கள், அங்கே மட்டும் மாவு கருகிப் புகைந்தது. ட்ரைப்ளையில் நடுவிலிருந்து ஓரம் வரை கிட்டத்தட்ட ஒரே நிறம். கிட்டத்தட்ட என்றுதான் சொல்கிறேன், தீ படும் வளையம் அதிலும் லேசாகத் தெரிந்தது.

சாண்ட்விச் அடியின் அந்த ஒரு விரற்கடைதான் என் மூன்று வருடக் குறை. வட்டைத் தாண்டி வெளியே வரும் தீ, சுவரின் மெல்லிய தகட்டை நேராக நக்குகிறது. அங்கே வெப்பத்தை வாங்கிப் பரப்ப அலுமினியம் இல்லை. பால் காய்ச்சினால் அந்த மட்டத்தில் ஒரு பழுப்புக் கோடு. தக்காளியைச் சுண்ட வைத்தால் அதே இடத்தில் கருப்புக் கோடு. அதுவும் சட்டியின் அடியும் சுவரும் சேரும் மூலையில், எந்த நாரும் சரியாகப் போய் உட்காராத இடத்தில். ட்ரைப்ளைக்கு மாறியபின் ராத்திரிப் பாத்திரம் தேய்க்கும் வேலை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்பேன். கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை, ஆனால் தோள்பட்டைக்குத் தெரியும்.

முட்டை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். எவர்சில்வரில் முட்டை ஒட்டுகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் சட்டி காய்வதற்கு முன் எண்ணெயையும் முட்டையையும் ஊற்றுகிறவர்கள். வெறும் சட்டியைக் காய வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முதலில் சொய்யென்று ஆவியாகும். இன்னும் காய்ந்து 200 டிகிரி செல்சியஸை நெருங்கினால் சொட்டு பாதரசம் மாதிரி உருண்டு ஓடும். சொட்டுக்கு அடியில் உண்டாகும் ஆவிப் படலம்தான் அதைத் தாங்குகிறது. 1756-இல் இதை விவரித்து எழுதிய ஜெர்மானியர் லைடன்ஃப்ராஸ்டின் பெயரையே இந்த விளைவுக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நிலை வந்ததும் தீயைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அரை நிமிடம் பொறுத்து முட்டையை ஊற்றினால் விளிம்பு தானே எழும்பும். ஆனால் இந்த வித்தை ஒற்றைத் தகட்டில் எடுபடாது. தீ படும் வளையத்தின் மேல் சொட்டு உருண்டு ஓடும், அங்கிருந்து நகர்ந்தால் சொய்யென்று ஒட்டிக்கொள்ளும், முட்டையும் அப்படியே பாதி வந்து பாதி நிற்கும்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், தப்பு என்னுடையதுதான். சாண்ட்விச் அடிச் சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தண்ணீர் சுண்டி, காலிச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் அப்படியே எடுத்துக் குழாயடியில் காட்டினேன். ‘டங்’ என்று ஒரு சத்தம். அன்றிலிருந்து அடி வெளிப்பக்கமாக உப்பி, தட்டையான இடத்தில் வைத்தால் ஆடுகிறது, வட்டின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளியும் விழுந்துவிட்டது. ஒரே சூட்டில் அலுமினியம் எவர்சில்வரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும், அவசரமாகக் குளிர்ந்தால் அதே கணக்கில் சுருங்கும். தடியான வட்டு என்றால் அந்த இழுபறியும் பெரிதுதான். ட்ரைப்ளையை இந்தப் பாடு படுத்தினாலும் வளையத்தான் செய்யும் என்பதால் இதை வைத்து ஒன்றை உசத்தி ஒன்றைத் தாழ்த்த மாட்டேன். எந்தச் சட்டியானாலும் சூடு ஆறிய பிறகுதான் தண்ணீருக்குப் போக வேண்டும்.

சாண்ட்விச் அடிக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்கிறேன். வட்டை மட்டும் 5 மி.மீ., அதற்கு மேலும் தடியாக வைக்க முடியும். வீட்டுக்கு வாங்கும் ட்ரைப்ளையின் மொத்தத் தடிமனே பெரும்பாலும் 2.5 மி.மீ. வாக்கில்தான் இருக்கும். ஆகவே நிறையத் தண்ணீர் விட்டு வேக வைக்கும் பெரிய பாத்திரத்துக்கு சாண்ட்விச் அடியே போதும், ட்ரைப்ளை வாங்குவது காசைக் கரைப்பது. தண்ணீர் தானே சுழன்று சூட்டைப் பரப்பிவிடுகிறது, சுவர் என்ன தகடாக இருந்தால் என்ன? இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தாலும் என் வாதம் வலுவிழக்கும், அங்கே சுவரை நக்கத் தீயே இல்லை, சூடு அடியில்தான் பிறக்கிறது. நான் இண்டக்‌ஷனில் சமைத்தது உறவினர் வீட்டில் இரண்டு வாரம் மட்டும். அந்த இரண்டு வாரமும் சாண்ட்விச் அடி மூலையில் கருப்புக் கோடு விழவில்லை.

ட்ரைப்ளைக்கும் குறை உண்டு. கனம். பெரிய சட்டியில் நிறைய இருக்கும்போது ஒரு கையால் சரித்து ஊற்றுவது என் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை, எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் காது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விளிம்பை மேலிருந்து பார்த்தால் நடுவில் மங்கலான சாம்பல் கோடு தெரியும், அதுதான் அலுமினியம். டிஷ்வாஷரில் போடும் காரமான பவுடர் அதை அரிக்கும். நாளாவட்டத்தில் நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு பக்கத் தகடும் கத்தி மாதிரி நிற்கும். சில சட்டிகளில் விளிம்பை மூடி மடித்தே விடுகிறார்கள், டிஷ்வாஷர் வைத்திருப்பவர்களுக்கு அது நல்லது.

ஐந்து அடுக்கு, செம்பு நடுவில் வைத்தது என்றெல்லாம் வருகிறது. கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி, சமைத்ததில்லை. அடுக்கின் எண்ணிக்கையைவிட அலுமினியத்தின் மொத்தத் தடிமன்தான் முக்கியம் என்பது என் எண்ணம், ஆனால் அனுபவத்தில் பேசவில்லை.

பராமரிப்பு மூன்று வகைக்கும் ஒன்றுதான். வானவில் நிறம் ஓடினால் பயப்பட வேண்டாம். எவர்சில்வரைத் துருவிலிருந்து காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் சூட்டில் தடித்ததால் வரும் நிறம் அது. கொஞ்சம் வினிகர் ஊற்றித் துடைத்தால் போய்விடும். கடினத் தண்ணீர் விடும் வெள்ளைப் படிவும் அதே வினிகருக்குப் போகும். அடிப்பிடித்ததற்கு சமையல் சோடாவும் தண்ணீரும் விட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள், சுரண்டுவதற்கு முன்னால். கம்பி நார் கீறல் விடும், அது அழகுக் குறைவுதான். ஆனால் பிளீச் வேண்டாம். உப்பையும் பச்சைத் தண்ணீரில் போடாமல் கொதித்த பிறகு போட்டுக் கலக்குங்கள். அடியில் கரையாமல் கிடக்கும் உப்பு ஊசி குத்தியது போல் குழி போடும், அந்தக் குழி எதைத் தேய்த்தாலும் போகாது.

இன்று எங்கள் வீட்டுக் கணக்கு இது: பால் காய்ச்சவும் வதக்கவும் இரண்டு ட்ரைப்ளை, வேக வைக்க ஒரு பெரிய சாண்ட்விச் அடி. அடி உப்பிய அந்தப் பழைய சட்டி சிங்குக்குக் கீழே இருக்கிறது, நாரும் சோப்பும் அதில்தான்.