ரிமோட்டில் நிறுத்தும் பொத்தான்: விண்வெளி வீரர் பயிற்சிக் கார்ட்டூன்களோடு இரண்டு வருடம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மகேந்திரகிரி தெரியும். அந்த மலையடிவாரத்தில் ராக்கெட் எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பது வள்ளியூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும். அதனால் 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது தெருவே டிவி முன்னால்தான் இருந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் ஐந்தரை வயது மூத்தவள் கேட்டாள்: "உள்ள யாரும்மா இருக்கா?" யாரும் இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. "அப்ப ஆள் போகணும்னா என்னம்மா செய்யணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கார்ட்டூன் பக்கம் போனேன். அப்போது சின்னவனுக்கு மூன்று வயது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதைத் தங்கள் வீட்டில் தொடங்க நினைக்கிறவர்களுக்கு எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் பாக்ஸி. வேற்றுக்கிரகத்துச் சின்ன உருவம் ஒன்று வந்து, விண்வெளி நிலையத்தில் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படிக் குளிக்கிறார்கள், கழிப்பறைக்கு எப்படிப் போகிறார்கள் என்று காட்டும் குட்டிக் குட்டி வீடியோக்கள். கழிப்பறை வீடியோவை மட்டும் முப்பது தடவையாவது பார்த்திருப்போம். அடுத்தது மிஷன் எக்ஸ். இது கார்ட்டூன் தொடர் இல்லை, விண்வெளி வீரர் போலப் பிள்ளைகளே உடற்பயிற்சி செய்யும் திட்டம். லூனா, லியோ என்று இரண்டு கார்ட்டூன் பாத்திரங்கள் பூமியிலிருந்து 3,84,400 கிலோமீட்டர் நடந்து நிலவுக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பயிற்சி செய்யச் செய்ய அவர்களுக்கு அடிகள் கூடும். இவை போக யூடியூபில் கிடைத்த பல கார்ட்டூன்கள். நாங்கள் பார்த்தவை எல்லாமே ஆங்கிலத்தில்தான்.

மொழி முதல் வாரத்திலேயே இடித்தது. பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், முடிந்ததும் கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் எரிச்சலில் சத்தத்தை அணைத்துவிட்டு நானே தமிழில் கதை சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் மூத்தவள் முதல் கேள்வி கேட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டுப் பழக்கம் இதுதான்: முதல் தடவை சத்தமில்லாமல், என் குரலில். நடுநடுவே நிறுத்தம். இரண்டாவது தடவை சத்தத்தோடு. ஐந்து நிமிட வீடியோவுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அதில் திரை ஓடுவது பத்து நிமிடம்தான். இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதால் இந்தக் கணக்கு எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

மூன்று வயதுக்குப் பயிற்சி என்ற கருத்தே பிடிபடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னவனுக்கு அப்போது ராக்கெட் என்றால் புகை, சத்தம், அவ்வளவுதான். நாலரை வயது தாண்டிய பிறகுதான் "போறதுக்கு முன்னாடி பழகணும்" என்பது அவனுக்குள் இறங்கியது.

கார்ட்டூனைவிட அதை நிறுத்திவிட்டு நாங்கள் செய்துபார்த்த காரியங்கள்தான் இன்றைக்கும் பிள்ளைகளிடம் தங்கியிருக்கின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹூஸ்டனில் நாசாவுக்கு ஒரு பிரம்மாண்டமான நீச்சல் குளம் இருக்கிறது. 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். அதற்குள் விண்வெளி நிலையத்தின் மாதிரியையே இறக்கி வைத்திருக்கிறார்கள். விண்வெளி உடையோடு வீரர்கள் அதில் ஆறு மணி நேரம்கூட வேலை பழகுவார்கள். கார்ட்டூனில் தண்ணீருக்குள் ஒருவர் மிதக்கும் காட்சி வந்ததும் நிறுத்தினேன். புறவாசல் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அரை லிட்டர் பாட்டிலுக்குள் மணலைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டோம். அது மேலேயும் வரக்கூடாது, அடியிலும் போய் உட்காரக்கூடாது. சொல்வதற்குச் சுலபம், எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போனது. கடைசியில் பாட்டில் நடுத்தண்ணீரில் சில விநாடி அப்படியே நின்றபோது இரண்டு பேரும் போட்ட கூச்சலில் ஆச்சி அடுப்பை விட்டு ஓடி வந்தார்கள். அங்கே முக்குளிப்பவர்கள் விண்வெளி உடையில் எடையும் மிதவையும் வைத்துச் சரிசெய்வதும் இதே வேலைதான் என்றேன். திருப்பிக் கேட்காமலே புரிந்துகொண்டாள் மூத்தவள்.

அடுத்தது கையுறை. மிஷன் எக்ஸில் கையுறை போட்டுக்கொண்டு புதிர்த் துண்டுகளைச் சேர்க்கும் பயிற்சி ஒன்று உண்டு. எங்களிடம் இருந்தது அவர்கள் அப்பாவின் பைக் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு சட்டைப் பித்தானை மாட்டச் சொன்னேன். சின்னவன் அழுதேவிட்டான். விண்வெளி உடைக்குள் காற்றழுத்தம் இருப்பதால் கையுறை ஊதினாற்போல விறைத்திருக்கும், ஒவ்வொரு தடவை விரலை மடக்கும்போதும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதை எந்தக் கார்ட்டூனும் அவனுக்கு இப்படிச் சொல்லியிருக்காது.

எடையின்மையைப் புரியவைக்கப் பட்ட பாடு தனி. நாங்கள் பார்த்த பல கார்ட்டூன்கள் "விண்வெளியில் ஈர்ப்பு விசை கிடையாது" என்று கூசாமல் சொல்கின்றன. இது தப்பு, இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் இருக்கும் ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால் பூமியில் மோதாமல் அதைச் சுற்றியே விழுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? காகிதக் கப்பின் அடியில் ஓட்டை போட்டு, விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மாடியிலிருந்து கீழே விட்டோம். விரலை எடுத்தால் ஒழுகும் தண்ணீர், கப் விழும்போது ஒழுகுவதில்லை! கப்பும் தண்ணீரும் சேர்ந்து விழுவதால் ஒன்றை ஒன்று தள்ளுவதில்லை. செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தால் தெளிவாகத் தெரியும். அந்த வருடக் கோயில் கொடைக்கு ராட்டினம் வந்தபோது உச்சியிலிருந்து இறங்கும் நேரத்தில் மூத்தவள் என் கையைப் பிடித்துக் கத்தினாள்: "அம்மா, வயிறு மெதக்குது! நானும் கப்பு மாதிரி விழுதேன்!" விமானத்தை மேலே ஏற்றி வளைத்து இறக்கி, ஒவ்வொரு வளைவிலும் இருபது விநாடிக்கு மேல் எடையின்மை தரும் பயிற்சியும் இதுவேதான். அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, பயந்துபோன ஒரு சம்பவம். தொடங்கிய மூன்றாவது மாதம், தலைக்கவசம் மாட்டும் காட்சியைப் பார்த்த சின்னவன் கடைப் பிளாஸ்டிக் கவரை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டான். நான் அடுக்களையில் இருந்தேன். ஆச்சி "ஏலே, அத எடு!" என்று கத்திக்கொண்டே பிடுங்கிவிட்டார்கள். நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. அன்றே எல்லாக் கவர்களையும் பரணில் ஏற்றினேன். அட்டைப்பெட்டியில் முகத்துக்கு அகலமாக வெட்டிக் கவசம் செய்து கொடுத்தேன். விண்வெளிக் கார்ட்டூன் போடும் முன்பே அட்டைக் கவசத்தைச் செய்து வைத்துவிடுங்கள். பிள்ளைகள் பார்த்ததைச் செய்துபார்க்காமல் இருக்க மாட்டார்கள். சுழல் நாற்காலியில் வைத்துச் சுற்றும் விளையாட்டையும் இரண்டே நாளில் நிறுத்திவிட்டோம். வாந்திதான் மிச்சம்.

நாங்கள் பார்த்த கார்ட்டூன்களில் இன்னொரு பெரிய குறை, எல்லாம் ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. ஓடுகிறார்கள், சுற்றுகிறார்கள், நீந்துகிறார்கள், பாட்டு முடிந்ததும் ராக்கெட்டில் ஏறிவிடுகிறார்கள். நாசாவில் தேர்வானவர்களுக்கு அடிப்படைப் பயிற்சியே சுமார் இரண்டு வருடம். அதன் பிறகும் வரிசையில் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பை எப்படிக் காட்டுவது என்று எனக்கு வழி தெரியாமல் இருந்தது. வழியை நம் ஊர் வீரர்களே காட்டினார்கள்.

2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில், நம் நாட்டு ராக்கெட்டிலேயே ஆளை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான வீரர்கள் நான்கு பேரின் பெயரை அறிவித்தார்கள். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்றதும் வீட்டில் ஒரே குதூகலம். இவர்கள் நால்வரும் 2020 பிப்ரவரியிலேயே ரஷ்யாவில் யூரி ககாரின் பயிற்சி மையத்தில் பழக ஆரம்பித்தவர்கள். பனிக்காட்டிலும் சதுப்பிலும் பிழைத்துக் கிடக்கும் பயிற்சியும் அதில் உண்டு. விண்கலம் நினைத்த இடத்தில் இறங்காமல் போகலாம். 1965-ல் சோவியத் வீரர்கள் லியோனவும் பெலியாயெவும் வந்த வாஸ்கோத்-2 விண்கலம் பனிக்காட்டுக்குள் போய் விழுந்தது. அவர்கள் இரவெல்லாம் குளிரில் கிடந்தார்கள். அந்தக் கதையைச் சொன்ன மறுநாள் இரண்டு பேரையும் நடவுக்குத் தயாரான வயல் சேற்றில் இறக்கி, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு நடக்கச் சொன்னேன். பாதியில் செருப்பு போனது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

2025-ல் அந்த நால்வரில் ஒருவரான சுபான்ஷு சுக்லா, ஆக்சியம்-4 என்ற பயணத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போவதாக இருந்தது. மே மாதக் கடைசியிலிருந்தே காலண்டரில் வட்டம் போட்டாள் மூத்தவள். தள்ளிப்போனது. அடுத்த வட்டம். அதுவும் தள்ளிப்போனது. ஒருநாள் ஆக்சிஜன் கசிவு, ஒருநாள் வானிலை. சுக்லாவும் அவரோடு போகவிருந்த மூன்று பேரும் ஒரு மாதமாக யாரையும் நெருங்காமல் தனிமையில் இருந்தார்கள். "அவங்களுக்கு அழுகையா வராதாம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து பயிற்சியைப் பற்றி அவள் கேட்ட மிகப் பெரிய கேள்வி அதுதான். ஜூன் 25 மதியம் ராக்கெட் கிளம்பியபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மறுநாள் சாயங்காலம் நிலையத்தோடு இணைவதை மட்டும் பையைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள். எடையின்மையைக் காட்ட அவர்கள் எடுத்துப்போன ஜாய் என்ற அன்னப்பறவைப் பொம்மை மிதந்த படம் எங்கள் பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதே ஜூலையில் இங்கே மகேந்திரகிரியில் ககன்யானின் உந்து அமைப்பை 350 விநாடி ஓட்டிச் சோதித்தார்கள். "நம்ம மலைலயும் பழகுதாங்க" என்று சின்னவன் சொன்னது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்த பிறகு சுக்லா, மிதக்கும் என்ற நினைப்பில் மடிக்கணினியைக் கட்டில் ஓரத்தில் அப்படியே விட்டுவிட்டதாகச் சொன்ன செய்தியைப் படித்துக் காட்டினேன். உடம்பு அங்கே பழகியதை இங்கே வந்து மறக்க வேண்டும், அதற்கும் பயிற்சி வேண்டும். அதுவரை எந்தக் கார்ட்டூனிலும் நாங்கள் பார்க்காத பகுதி இது. மூத்தவள் அதை நாலு கட்டம் போட்டுப் படக்கதையாக வரைந்தாள்.

செலவென்று பெரிதாக எதுவும் ஆகவில்லை. அட்டைப்பெட்டி, காகிதக் கப், பசை, அவ்வளவுதான். ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வேலை மிகுந்த வாரங்களில் வெறுமனே ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த வாரங்களில் பார்த்தது ஒன்றும் அவர்களிடம் மிஞ்சவில்லை.

இப்போது சின்னவனுக்கு ஐந்தரை வயது. பழைய வீடியோக்களை அவனாகவே கேட்கிறான். போன வாரம் நான் துணி காயப்போட்டு இறங்கி வரும்போது ரிமோட் மூத்தவள் கையில் இருந்தது. ஈர்ப்பு விசை கிடையாது என்று கார்ட்டூன் சொல்லும் இடத்தில் நிறுத்தி, "இது தப்புல, ஏன்னு சொல்லு" என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் "ஓட விடுக்கா" என்று சிணுங்கினான். அவள் விடவில்லை. காகிதக் கப் தேடி அடுக்களைக்குள் போனாள்.