சிபேப் குழாய்க்குச் சட்டை போடலாம், மாஸ்க்குக்கு வேண்டாம்

மார்கழி பிறந்துவிட்டால் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் சிபேப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் குழாய், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) மாட்டித் தூங்குகிறவர்கள் வீட்டில் விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்கும். குழாய்க்குள் யாரோ வாய் கொப்பளிப்பது போலக் கொடகொடவென்று. கொஞ்ச நேரத்தில் மூக்கு நுனியில் சில்லென்று ஒரு சொட்டு. மெஷின் கெட்டுப்போகவில்லை, குழாய்க்குள் மழை பெய்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் இதை ‘ரெயின்அவுட்’ என்றுதான் சொல்கிறார்கள்.

இதற்காக வீட்டில் தைத்துக்கொள்ளும் துணி உறைகளைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. ஃப்ளீஸ் (போர்வை, ஜாக்கெட்டுக்கு வரும் புசுபுசுப்பான செயற்கை நூல் துணி), டர்க்கி டவல், லுங்கித் துணி, பழைய ஸ்வெட்டர் கை எல்லாம் குழாய்க்குப் போடுபவை. மாஸ்க்கின் மேல் போடும் மூடியும், மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவே வைக்கும் பனியன் துணியும் தனி ரகம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஜிப் இல்லாத ஃப்ளீஸ் உறை செலவுக்குப் பழுதில்லை. பனியன் துணி சிலருக்கு ஒத்துவரும். மாஸ்க் மேல் போடும் மூடி ஆபத்து, தைக்கவே வேண்டாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் எந்த உறை வேலை செய்யும் என்பதும் தானாகப் புரியும். மெஷினில் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியான ஹியூமிடிஃபையரிலிருந்து காற்று 27 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தோடு கிளம்புகிறது என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 20.6 கிராம் நீராவி இருக்கும். அறை 18 டிகிரியில் இருந்தால், அந்தக் குளிருக்கு இறங்கிய காற்றால் 15.4 கிராமுக்கு மேல் தாங்க முடியாது. மிச்சம் 5 கிராம் குழாய்ச் சுவரில் படியும். நிமிடத்துக்கு 30 லிட்டர் வீதம் 7 மணி நேரம் ஓடினால் 12.6 கன மீட்டர் காற்று. காற்று முழுவதும் அறைக் குளிருக்கு இறங்கிவிட்டால் 65 மில்லி தண்ணீர், சின்ன காபி டம்ளரில் பாதி. நிஜத்தில் காற்று அவ்வளவு தூரம் குளிராது என்பதால் இதில் ஒரு பங்குதான் சேரும். ஆனால் கொடகொட சத்தத்துக்குக் குழாயின் தொங்கல் ஒன்றில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் நின்றாலே போதும்.

உறையின் வேலை சூடாக்குவது இல்லை. காற்று குளிர்வதைத் தாமதப்படுத்துவது மட்டும்தான். 1.8 மீட்டர் குழாயைக் கடந்து மாஸ்க்கை எட்டும்போது காற்று இன்னும் ஓரளவு வெதுவெதுப்பாக இருந்தால் வெற்றி. அதனால்தான் இது ஊருக்கு ஊர் மாறுகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தளி அதற்கும் மேலே. தர்மபுரி டவுன் அதில் பாதிதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி டவுன்களில் மார்கழி, தை இரண்டு மாதத்துக்கு உறை இருந்தால் போதும், மற்ற நாட்களில் கழற்றி மடித்து வைக்கலாம். ஏசி போட்டுத் தூங்குகிற வீடு மட்டும் விதிவிலக்கு. சித்திரையில்கூட அங்கே குழாய் நனையும்.

துணி எடுக்கப் போவதற்கு முன் காசில்லாத வேலைகள் மூன்று இருக்கின்றன. ஹியூமிடிஃபையர் அளவை ஒன்றோ இரண்டோ குறையுங்கள் (ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்சென்ஸ் 10 மெஷினில் 1 முதல் 8 வரை இருக்கும்). பலருக்கு இதிலேயே தொல்லை தீர்ந்துவிடும். மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள், படிகிற தண்ணீர் மாஸ்க்குக்கு வராமல் தொட்டிக்கே திரும்பி ஓடும். ஃபேன் காற்று குழாய் மேல் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுகிறவர்கள் அது நடுவில் வளைந்து தொட்டில் போல் நிற்கிறதா என்று பாருங்கள், தண்ணீர் தேங்குகிற இடம் அதுதான். இத்தனையும் செய்த பிறகும் சொட்டினால் துணிக்கடைக்குப் போகலாம்.

ஃப்ளீஸ்தான் முதலிடம். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஃப்ளீஸில் ஓர் உறையின் எடை 50 கிராம் சுற்றித்தான் வரும். நூலிழைகளுக்கு நடுவே அடைபட்டு நிற்கிற காற்றுதான் குளிரைத் தடுக்கிறது, துணியின் கனம் இல்லை. அதனால் உறையை இறுக்கிப் பிடித்துத் தைத்தால் அந்தக் காற்று நசுங்கிப் பயன் குறையும். ரொம்பத் தொளதொளவென்று விட்டால் இடைவெளியில் குளிர்காற்று புகுந்து ஓடும்.

வெட்டும் அளவு 5 இஞ்ச் அகலம், 75 இஞ்ச் நீளம். (டெய்லரிடம் செ.மீ. கணக்கில் சொன்னால் டேப்பைத் திருப்பிப் பிடிப்பார், இஞ்சிலேயே சொல்லுங்கள்.) குழாய் 24, 25 மி.மீ. தடிமன்தான். ஆனால் அதன் இரு முனையிலும் உள்ள ரப்பர் கஃப் உள்ளே 22 மி.மீ., வெளியே 30 மி.மீ. வரை இருக்கும். உறை அதைத் தாண்டி நுழைய வேண்டும். 5 இஞ்சில் இரு பக்கமும் 3/8 இஞ்ச் தையலுக்குப் போனால் உள்சுற்று ஏறக்குறைய 10 செ.மீ. நிற்கும், கஃப் சிரமமில்லாமல் போகும்.

கடையில் மீட்டர் துணியாக வாங்கினால் ஃப்ளீஸ் பெரும்பாலும் 58, 60 இஞ்ச் பன்னாவில் (அகலத்தில்) வரும். குறுக்காக இரண்டு பட்டை வெட்டி ஒட்டுப் போட்டால் 75 இஞ்ச் கிடைக்கும். இதற்குக் கால் மீட்டர் கேட்டுவிடாதீர்கள். இரண்டு 5 இஞ்ச் பட்டைக்கு 25.4 செ.மீ. வேண்டும், கால் மீட்டர் என்பது 25. கத்தரிக்கோல் கோணலாகப் போனால் அதிலும் குறையும். 30 செ.மீ. கேளுங்கள். இதைவிட நல்ல வழி, வீட்டில் கிடக்கும் பழைய ஃப்ளீஸ் போர்வை. 90 இஞ்ச் நீளமுள்ள சிங்கிள் போர்வையில் ஒட்டே இல்லாமல் ஒரே பட்டையாக எடுக்கலாம், உறவுக்காரர்களுக்கும் சேர்த்துத் தைக்கலாம்.

துணியைக் கையால் இழுத்து எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்துக்கொண்டு வெட்டுங்கள். உறையின் சுற்றளவுப் பக்கம் நீண்டால் மாட்டுவது சுலபம். கடைத் துணியில் குறுக்காக வெட்டினால் அந்த இழுவை நீளவாக்கில் போய்விடும். அப்போது சாதாரண நேர்த்தையல் ராத்திரி புரண்டு படுக்கும்போது பட்டென்று விட்டுவிடும். ஜிக்ஜாக் தையல் போடுங்கள், அது இல்லாத மெஷின் என்றால் தையலைப் பெரிதாக வைத்துத் துணியை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு தையுங்கள். ஊசி 14 நம்பர், நூல் பாலியஸ்டர். ‘இவ்வளவு ஒல்லியா, ஆளுயரத்துக்கு மேல, எதுக்குங்க இது? பாம்புக்குச் சட்டையா?’ என்று டெய்லர் கேட்பார். குழாயைக் கையோடு எடுத்துப் போனால் விளக்கம் மிச்சம்.

தைத்த பிறகு நல்ல பக்கத்தை வெளியே திருப்புவதுதான் பொறுமையைச் சோதிக்கும். ஒரு முனையில் ஊக்கு குத்தி, ஊக்கில் நாடாவைக் கட்டி, பாவாடைக்கு நாடா கோர்ப்பது போல உள்ளே தள்ளிக்கொண்டே போய் மறுமுனையில் இழுங்கள். குழாயில் மாட்டவும் இதே உத்திதான். கஃப்பில் நாடாவைக் கட்டி உறைக்குள் விட்டு இழுக்க வேண்டும்.

இரண்டு முனைகளில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மெஷின் பக்கம் ஒன்றரை, இரண்டு இஞ்ச் குழாய் வெளியே தெரிய வேண்டும். கஃப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஃப்ளீஸ் உதிர்க்கிற பஞ்சு ஃபில்டர் பக்கம் போகவும் கூடாது. மாஸ்க் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். பல மாஸ்க்குகளில் மூச்சை வெளியே விடும் பொடித் துளைகள் குழாய் சேரும், முழங்கை போல வளைந்த துண்டிலேயே இருக்கின்றன. உறை தூக்கத்தில் மேலே நகர்ந்து அந்தத் துளைகளை மூடிவிடக் கூடாது. அதற்கு மாஸ்க் பக்க முனையில் கால் இஞ்ச் எலாஸ்டிக்கை 3 இஞ்ச் சுற்றளவுள்ள வளையமாகத் தைத்து, கஃப்புக்குக் கீழே குழாயின் நெளிவில் உட்கார வையுங்கள். நெளிவு அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஜிப் வைத்த உறை பார்க்க அழகு, குழாயைக் கழற்றாமலே மாட்டலாம் என்பது உண்மை. ஆனால் ஜிப் ஓடும் கோடு முழுக்கக் குளிர் இறங்கும், ரன்னர் கன்னத்தில் உரசும், ஃப்ளீஸ் பஞ்சு பல்லில் சிக்கும். வெல்க்ரோ இன்னும் மோசம், தலையணை உறையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எப்படியும் வாரம் ஒருமுறை குழாயைக் கழுவக் கழற்றத்தானே போகிறோம்?

மற்ற துணிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டர்க்கி டவல் குளிரைத் தடுக்கும், ஆனால் எடை ஃப்ளீஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் கனம் மாஸ்க்கைக் கீழே இழுத்து ஓரத்தில் காற்று கசிய வைக்கும். லுங்கித் துணி மெல்லிசு, போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். பழைய ஸ்வெட்டர் கை நீளம் பற்றாது, நாலைந்தை ஒட்டினால் மூட்டு மூட்டாக நிற்கும். ஆட்டு ரோமக் கம்பளி நல்ல சூடுதான், முடி உதிரும், கழுத்தில் அரிக்கும். மூச்சுக்குப் பக்கத்தில் வைக்கிற பொருள் இல்லை.

இனி மாஸ்க். அங்கே சேரும் தண்ணீரில் ஒரு பங்கு மெஷினிலிருந்து வருவதே இல்லை. நாம் விடும் மூச்சு உடல் சூட்டோடு ஈரம் நிறைந்து வந்து, குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டுப் படிகிறது. ஹியூமிடிஃபையரை அணைத்தாலும் மாஸ்க் கொஞ்சம் வியர்ப்பது இதனால்தான். அதைப் பார்த்துத்தான் ‘மாஸ்க்குக்கும் ஒரு தொப்பி தைத்துப் போட்டால் என்ன’ என்ற யோசனை வருகிறது. வேண்டாம். மாஸ்க்கில் இருக்கும் துளைகள் விரிசலோ, ஒழுகலோ இல்லை. நாம் விட்ட கரியமில வாயு வெளியேறும் ஒரே வழி அதுதான். ஏர்ஃபிட் பி10 போன்ற மாஸ்க்குகளில் அது வலை போல இருக்கும், துணி பட்டாலே அடைபடும். வாயையும் மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் கரண்ட் போனால் திறந்து வெளிக்காற்றை விடும் வால்வும் இருக்கிறது. அதன்மேல் துணி விழுந்தால் மின்வெட்டு நேரத்தில் மூச்சுக்கே சிரமம். மாஸ்க்கைச் சூடாக வைக்க விரும்பினால் அறை ஜன்னலைச் சாத்துங்கள், குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், முகத்தைப் போர்த்தாதீர்கள்.

மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவே வைக்கும் பனியன் துணி வேறு விஷயம். இது தண்ணீர் படிவதைத் தடுக்காது, சிலிகான் ஓரத்தில் சேரும் ஈரத்தை உறிஞ்சும், கன்னத்தில் வழுக்குவதும் சிவந்து தடம் விழுவதும் குறையும். துவைத்துத் துவைத்து மெல்லிசான பழைய காட்டன் டி-ஷர்ட்தான் சரியான துணி, புதுசு வேண்டாம். மாஸ்க்கின் குஷனை அட்டையில் கவிழ்த்து வெளி ஓரத்தை வரைந்து, அதைச் சுற்றி அரை இஞ்ச் கூட்டி வெட்டுங்கள். நடுத்துளை குஷனின் உள்விளிம்பைவிடக் கால் இஞ்ச் மட்டும் சிறிதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் சிறிதானால் துணி மூக்குத் துவாரத்துக்குக் கீழே தொங்கி ஈரமாகி ஒட்டும். ஓரத்தை மடித்துத் தைக்காதீர்கள், மடிப்பு மேட்டில் காற்று கசியும். பனியன் துணி நூல் பிரியாது, வெட்டியபடியே விடலாம்.

போட்ட முதல் இரண்டு மூன்று நாள் மெஷினில் காற்றுக் கசிவு அளவைப் பாருங்கள். ரெஸ்மெட் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் துணி உங்கள் முகத்துக்குச் சேரவில்லை என்று விட்டுவிடுங்கள், மாஸ்க்கின் தலைப்பட்டையை இறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மூக்குத் துவாரத்தில் வைக்கும் பில்லோ மாஸ்க்குக்கு இது பொருந்தாது. தினம் ஒன்று மாற்ற ஏழு துண்டு வெட்டிக்கொள்வது நல்லது, முந்தின நாள் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ளோரைடும் உப்பும் உள்ள போர் தண்ணீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் பழைய தலைவலி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. அந்த போர் தண்ணீரை ஹியூமிடிஃபையரில் ஊற்றினால் ஆவி போய் உப்பு தொட்டியில் வெள்ளைப் படிவாக நிற்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் வேண்டாம், அது மூச்சில் போவதற்குத் தயாரித்தது இல்லை.

உறையைப் போட்டபின் பலன் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசு இருந்தால் போதும். காலையில் எழுந்ததும் உறையைக் கழற்றி, குழாயை மட்டும் எடை போடுங்கள். உலர்ந்த குழாயின் எடையைக் கழித்தால் வருவது தண்ணீர். ஒரே ஹியூமிடிஃபையர் அளவில் மூன்று நாள் உறையோடு, மூன்று நாள் இல்லாமல். குறைந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தளி குளிரில் ஹியூமிடிஃபையரைக் கூட்டியே ஆக வேண்டும் என்கிற அளவுக்கு மூக்கு வறளும் ஆட்களுக்கு ஃப்ளீஸ் மட்டும் போதாது, சில ஆயிரம் செலவழித்துச் சூடேறும் குழாய்தான் வாங்க வேண்டும். அந்தக் குழாய் மேல் இந்த உறையையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். உள்ளே கம்பி ஓடுகிறது, மூடலாமா கூடாதா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் எதுவும். ஆக்சிஜன் இணைத்துக்கொள்கிறவர்கள் ஃப்ளீஸை மறந்துவிடுங்கள், சட்டென்று தீப்பிடிக்கும் செயற்கை நூல் அது.

துவைக்க சாதாரண சோப்புத் தூள் போதும். வாசனைத் திரவம் எதிலும் முக்க வேண்டாம், ராத்திரி முழுக்க அந்த வாசனைதான் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும். நிழலில் காய வையுங்கள். குழாயைக் கழுவினால் உள்ளே ஈரம் போனபிறகே உறையை மாட்டுங்கள். ஃப்ளீஸ் உருண்டை உருண்டையாகத் திரண்டு தட்டையாகிவிட்டால் காற்று அடைபடாது, போர்வையில் மிச்சம் இருக்கும் பட்டையில் புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளலாம்.