எனக்கு ஏறிய மருந்தின் முதல் சொட்டைப் பார்க்கப் போனேன்: வடநெம்மேலி முதலைப் பண்ணை

மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் வடநெம்மேலி முதலைப் பண்ணையை நூறு தடவையாவது கடந்திருப்பேன். ஒருநாளும் இறங்கியதில்லை. போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு இறங்கியதற்குக் காரணம் முதலை இல்லை, பாம்பு.

உத்திரமேரூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நெல் நிலம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்கழியில், பொழுது சாய்ந்த பிறகு மடையை அடைக்கப் போனேன். கையில் டார்ச் இல்லை, காலில் செருப்பு இல்லை. வரப்பில் கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. தம்பி துண்டை இறுக்கிக் கட்டினான். அப்படிக் கட்டக்கூடாது என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. முதலில் போன தனியார் கிளினிக்கில் டிடி ஊசி ஒன்றைப் போட்டு, "பார்க்கலாம்" என்று ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்புறம் அரசு மருத்துவமனை. ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்தார்கள். டாக்டரம்மா குழாயை எடுத்துச் சாய்த்தார். உறைந்து நிற்க வேண்டிய ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. உடனே பத்து பாட்டில் மருந்து ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் பத்து. பிழைத்தேன்.

இந்த மருந்து எங்கேயிருந்து வருகிறது என்று படுக்கையில் கிடந்தபடி கேட்டேன். "வடநெம்மேலியில இருளர்கள் பாம்புகிட்ட விஷம் எடுக்கிறாங்க ஐயா. அதைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்துவாங்க. குதிரை ரத்தத்துல உண்டாகுற எதிர்ப்புச் சக்திதான் உங்களுக்கு ஏறுற மருந்து" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், காலில் தெம்பு வந்ததும் அங்கே போக வேண்டும் என்று.

விஷம் எடுக்கும் இடம் பண்ணைக்கு உள்ளேதான் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு டிக்கெட். நடத்துவது இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம், 1978-இல் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இருளர்கள் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்து, 70-களிலேயே பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்றது. பிழைப்புப் போனவர்களின் கைத்திறனை உயிர் காக்கும் வேலைக்குத் திருப்பியதுதான் இந்தச் சங்கம்.

தாழ்வான ஒரு களம், தரையில் மணல். வாயைத் துணியால் கட்டிய மண்பானைகள், ஒவ்வொன்றிலும் பாம்பு. நாம் மேலே நின்று பார்க்கிறோம். நான் போன அன்று கண்ணாடி விரியனை எடுத்தார்கள். கம்பியில் தூக்கி மணலில் விட்டதும் அது சுருண்டு உட்கார்ந்து சீறியது பாருங்கள், குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் புஸ்ஸென்று நீராவி விடுமே, அந்தச் சத்தம். என் கணுக்கால் தானாகவே பின்னால் போனது. பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விஷம் எடுக்கும் இருளர் அண்ணன் நிதானமாகத் தலைக்குப் பின்னால் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் வாயைக் கொண்டுபோனார். பல் சவ்வில் இறங்கியது. உள்ளே மஞ்சளாக ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று. அவ்வளவுதான். எண்ணெய்க் கிண்ணத்தின் அடியில் மிச்சம் இருக்கும் அளவுகூட இல்லை.

முடிந்ததும் அவரிடம் போய்ப் பேசினேன். எனக்குக் கடிபட்டதைச் சொன்னேன்.

"எந்தப் பாம்புண்ணே?"

"கண்ணாடி விரியன்."

"பொழுது சாஞ்சா?"

"ஆமா."

"அதுக்கு அப்பத்தான் இரை தேடுற நேரம்ணே. எலிக்கு வந்திருக்கும், நீங்க குறுக்க போயிட்டீங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகையைத்தான் இங்கே பிடிக்கிறார்கள். வனத்துறை உரிமம் தருகிறது, எத்தனை பிடிக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு பாம்பை மூன்று, நான்கு வாரம் வைத்து, வாரம் ஒரு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் சின்னதாக அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த அடையாளத்தோடு திரும்ப மாட்டினால் விஷம் எடுக்காமல் விட்டுவிடலாம். நான்கும் இன்னும் அருகிப்போகும் நிலைக்கு வரவில்லை. ஆனால் வயல் ஓரப் புதரும் புற்றும் குறையக் குறைய எங்கே போய்ப் பிடிப்பார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியில் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். 2023-இல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் தெருவில் நான்தான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

சரி, முதலைக்கு வருகிறேன். பண்ணையை 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் ஆரம்பித்தார்கள். தோலுக்காக வேட்டையாடி நம் ஆறுகளில் முதலையே இல்லாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. இங்கே முட்டை பொரித்து வளர்த்த சேற்று முதலைகளைப் பல மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிறகு விடுவதற்கு ஆறும் ஏரியும் கிடைக்காமல் அந்த வேலை நின்றுபோனது. தொட்டிக் கரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. வாயைத் திறந்து வைப்பது சூட்டைத் தணிக்க, கோபத்தில் இல்லை. ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறதாம்: 31 டிகிரிக்குள் இருந்தால் பெண், 32.5-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் ஆண். வெயில் ஏறிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

பெரும்பாலான கூட்டம் பெரிய உப்புநீர் முதலையிடம்தான் நிற்கிறது. நீங்கள் கரியால் என்ற முதலையிடம் போய் நில்லுங்கள். நீண்டு ஒடுங்கிய மூக்கு, மீன் பிடிப்பதற்கென்றே அமைந்தது. வளர்ந்த ஆணுக்கு மூக்கு நுனியில் சின்னச் சொம்பு மாதிரி ஒரு புடைப்பு. சேற்று முதலை அழிய வாய்ப்புள்ள இனம் என்றால், கரியால் அதற்கும் மேலே, மிகவும் அருகிப்போன இனம். முக்கியமாக வட இந்தியாவின் சம்பல் ஆற்றில்தான் மிஞ்சியிருக்கிறது. 2007–08 குளிர்காலத்தில் அங்கேயே நூறு கரியால்களுக்கு மேல் செத்து ஒதுங்கின. ஆற்று மணல் அள்ளினால் முட்டையிட இடம் இல்லை, வலை விரித்தால் சிக்கிச் செத்துப்போகும். பாலாற்றில் மணல் போன கதையைக் கண்ணால் பார்த்தவன் நான். இது எனக்கு வேறு யாரோ ஊர்க் கதையாகத் தெரியவில்லை.

ஆமைகள் பக்கம் வழிகாட்டிப் பெண் பேத்திக்கு ஒரு கதை சொன்னார். இந்தப் பண்ணையோடு இருந்து வேலை செய்த விஜயா என்ற இளம்பெண், 70 வருஷமாக யாரும் பதிவு செய்யாத பிரம்பு ஆமையை 1982-இல் கேரளக் காட்டில் காடர் மக்களின் துணையோடு கண்டுபிடித்தார். பிற்பாடு அந்த ஆமையின் பேரினத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். பேத்தி திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேருக்கு அந்தக் கதையைச் சொன்னாள். நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அது குற்றம். அதன் பன்னாட்டு வணிகத்தையே 2019-இல் தடை செய்துவிட்டார்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாளில் காலையில் திறந்ததும் போய்விடுங்கள். மதியத்தில் மணல் சுடும், பாதி உயிர்கள் நிழலுக்குள் போய்விடும். கல் எறியும் பிள்ளைகள் கூட இருந்தால் தடுங்கள். விஷம் எடுப்பது எத்தனை மணிக்கு என்று நுழைவாயிலிலேயே கேட்டு, கால் மணி முன்னால் போய் நின்றால் முன்வரிசை கிடைக்கும். கண்டக்டரிடம் "முதலைப் பண்ணை" என்று சொன்னால் போதும், வாசலிலேயே இறக்கிவிடுவார்.