தீ அணைந்த வீடு: துடைப்பதா, கழுவுவதா, தூக்கிப் போடுவதா?

தீ அணைந்த வீட்டுக்குள் நுழைந்ததும் பலரும் முதலில் தேடுவது வாளியும் தண்ணீரும்தான். சுவர் முழுக்கக் கரி அப்பியிருக்கும்போது கை சும்மா இருக்காது. ஆனால் தீயிலிருந்து தப்பிய சுவரைக்கூட அந்த ஈரத்துணி கெடுத்துவிடும். சுத்தம் செய்ய வழிகள் பல உண்டு. எதை முதலில் எடுப்பது, எதை அப்புறம் எடுப்பது என்பதில்தான் சிக்கல்.

அதற்கு முன் விவாதமே தேவையில்லாத சில விஷயங்கள். தீயணைப்புத் துறையினர் போகலாம் என்று சொல்லும்வரை உள்ளே போகக் கூடாது. மின்சாரத்தையும் எரிவாயுவையும் விவரம் தெரிந்தவர் சோதித்துச் சொன்ன பிறகே திறக்க வேண்டும். கரியைத் தொடும்போது கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, என்95 முகக்கவசம் வேண்டும். என்95 தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. தொண்டை எரிந்தால் வெளியே வந்துவிடுங்கள். காப்பீடு இருந்தால் எதையும் நகர்த்தும் முன் படம் எடுத்து வையுங்கள்.

உலர்ந்த துடைப்பா, ஈரத் துடைப்பா?

புகைக்கரியைச் சாதாரணத் தூசி என்று நினைத்துவிடக் கூடாது. மிக நுண்ணிய கரித்துகள், அதன்மேல் எண்ணெய்ப் பசை, போதாததற்கு அமிலத்தன்மை வேறு. ஈரத்துணி பட்டதும் அது கரைந்து வருவதில்லை, சேறாகி பெயின்டின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடுகிறது. துடைத்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் நிற்கும். தேய்க்கத் தேய்க்க அது அகலமாகும்.

இதற்கு மாற்று, பதப்படுத்திய ரப்பரால் ஆன உலர் ஸ்பாஞ்சு. இதற்குத் தண்ணீரே காட்டக் கூடாது. சீலிங்கில் தொடங்கி, சுவரில் மேலிருந்து கீழாக, ஒரே திசையில் நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் போச்சு, கரி பரவிவிடும். ஒரு பக்கம் கறுத்ததும் மறுபக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எல்லாப் பக்கமும் கறுத்துவிட்டால் கத்தியால் மேல்தோலைச் சீவினால் போதும், உள்ளே புதுப்பரப்பு கிடைக்கும்.

ஸ்பாஞ்சுக்கும் முன்னால் வர வேண்டியது வேக்குவம் கிளீனர். வீட்டில் இருக்கும் சாதாரண மெஷின் நுண்கரியை இழுத்துப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். 0.3 மைக்ரான் அளவுத் துகளில்கூட 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதுதான் வேண்டும். முனையைச் சுவரில் அழுத்தாமல் சற்று விலக்கிப் பிடியுங்கள். தீயணைப்பான் பொடி கொட்டிக் கிடந்தாலும் இதே முறைதான். அந்தப் பொடி ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும் என்பதால் அதைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும்.

ஈர முறை வேண்டவே வேண்டாம் என்பதில்லை, அதன் முறை இரண்டாவது. ஸ்பாஞ்சு எடுத்தது போக எஞ்சிய பசையைச் சோப்புக் கரைசலோ, டிரைசோடியம் பாஸ்பேட் போன்ற காரக் கரைசலோதான் எடுக்கும். கழுவும்போது திசை மாறுகிறது, கீழிருந்து மேலாகப் போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் உலர்ந்த சுவரில் வழிந்து, அப்புறம் போகாத கோடுகளைப் போட்டுவிடும். வேகம் போதவில்லை என்று பிளீச்சோடு அம்மோனியாவையோ அமிலம் கலந்த கிளீனரையோ சேர்த்துவிடாதீர்கள், கிளம்புவது நச்சு வாயு.

சரி, எப்போதும் உலர் முறைதான் ஜெயிக்குமா? அது எரிந்த பொருளைப் பொறுத்தது. மரமும் காகிதமும் கொழுந்துவிட்டு எரிந்தால் உலர்ந்த கரி படியும், அங்கே ஸ்பாஞ்சை மிஞ்ச எதுவும் இல்லை. பிளாஸ்டிக்கும் ரப்பரும் புகைந்து புகைந்து எரிந்திருந்தால் படிவது பிசுபிசுப்பான கரி. அதில் ஸ்பாஞ்சு வழுக்கிக்கொண்டு போகும், பசையகற்றும் கரைசல்தான் வழி. கண்ணில் படாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தால் பொடியாக வருகிறதா, இழுபடுகிறதா என்று தெரிந்துவிடும். மூன்றாவது வகை கொஞ்சம் ஏமாற்றும். அடுப்பில் இறைச்சியோ மீனோ கருகிய வீட்டில் சுவர் சுத்தமாகவே தெரியும், நாற்றமோ தாங்காது. கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் படலம் அலமாரி உட்புறம் வரை ஏறியிருக்கும். அங்கே ஒவ்வொரு பரப்பையும் சோப்பால் கழுவித்தான் ஆக வேண்டும்.

கரி முதலிலா, ஈரம் முதலிலா?

தீயணைக்க அடித்த தண்ணீர் தரையிலும் சுவரிலும் இருந்தால், கரியை விட அதுதான் அவசரம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தலைகாட்டத் தொடங்கிவிடும். ஆனால் மின்விசிறியைச் சுற்றவிட்டால் கரி வீடெங்கும் பறக்கும். ஏசியைப் போட்டால் அதன் குழாய்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கதவு ஜன்னலைத் திறந்து வைப்பது, இல்லையென்றால் அவற்றை மூடிவிட்டுக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபயரை ஓட்டுவது, இவைதான் பாதுகாப்பு. விசிறி, தளர்ந்த கரியை எடுத்து முடித்த பிறகு.

நெடியை விரட்ட எது?

அதிகம் பணம் வீணாவது இங்கேதான். வாசனைத் தெளிப்பானைப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். மலர் மணமும் புகை மணமும் கலந்து வீசும், அவ்வளவுதான்.

ஓசோன் மெஷின் வேகமானது. நெடி தரும் மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கிறது. அதே வேலையை நுரையீரலிலும் செய்யும். மனிதர், வளர்ப்புப் பிராணிகள், செடிகள் எல்லாம் வெளியேறி, முடிந்ததும் நன்றாகக் காற்றாட விட்டுத்தான் திரும்ப வேண்டும். ரப்பர் பொருட்களிலும் விரிசல் விழும். புற ஊதா ஒளியால் ஹைட்ராக்சில் என்ற வினைத்துகளை உண்டாக்கி நெடியை உடைக்கும் ஹைட்ராக்சில் மெஷின் இதைவிட மென்மையானது, நாள்கணக்கில் ஓட வேண்டும். ஆள் இருக்கும்போதே ஓட்டலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் அறைக் காற்றிலுள்ள ஆவிகளோடு வினைபுரிந்து வேறு வாயுக்களை அது உண்டாக்கக்கூடும், அதனால் நான் அந்த அறையில் உட்கார மாட்டேன். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் ஓட்டு ஹைட்ராக்சிலுக்கு. ஆனால் கரியை எடுக்காமல் எதை ஓட்டினாலும் காற்றில் ஈரம் ஏறும் நாளில் நெடி திரும்ப வந்து நிற்கும். நெடியை உறிஞ்சும் மரக்கரிப் பொட்டலங்களும் அப்பச் சோடாவும் அலமாரி, பெட்டி போன்ற சிறிய அடைப்புகளுக்குச் சரி, ஒரு அறைக்கு எந்த மூலைக்கு?

பெயின்ட் விஷயமும் அப்படியே. கறையின் மேல் எமல்ஷன் அடித்தால் கொஞ்ச நாளில் மஞ்சள் கசிந்து மேலே வரும். கழுவிக் காயவைத்து, ஷெல்லாக் (அரக்கு) அல்லது எண்ணெய் அடிப்படையிலான கறைதடுப்பு பிரைமர் அடித்து, அதன்மேல் எமல்ஷன் அடிப்பதுதான் நிற்கும்.

நாமேவா, ஆள் வைத்தா?

ஒரு அறையில் லேசாகப் புகை படிந்ததென்றால் நாமே பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருந்தால், ஏசிக் குழாயில் கரி போயிருந்தால், பிசுபிசுப்புக் கரி வீடு முழுக்க இருந்தால் ஆள் வைப்பதே மேல். பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸோ ஈயம் கலந்த பெயின்டோ இருக்க வாய்ப்பிருந்தால் துடைப்பத்தைக்கூட எடுக்காதீர்கள், முதலில் சோதனை. கூரையும் தூணும் சுட்டிருந்தால் துப்புரவாளரை விடுங்கள், கட்டுமானப் பொறியாளர்தான் வர வேண்டும். எஃகு சுமார் 550 டிகிரி செல்சியஸை எட்டினாலே பலத்தில் கிட்டத்தட்ட பாதியை இழந்துவிடும். கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஏறத்தாழ 300 டிகிரியைத் தாண்டியிருக்கலாம் என்று பொருள். மேலே பூசி மறைத்தால் பலம் திரும்பாது.

எதைக் காப்பாற்றலாம்?

துணிகளை வெளியே கொண்டுபோய் உதறிவிட்டுத் துவையுங்கள். நெடி போகும்வரை டிரையரில் போடாதீர்கள், சூடு நெடியை இழையில் பதித்துவிடும். கரியில் கிடந்த மின்னணுப் பொருளைப் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ளே படிந்த கரி மின்சாரத்தைக் கடத்தும், பிவிசி எரிந்த புகையென்றால் அமிலம் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். பழுதுபார்ப்பவர் திறந்து சுத்தம் செய்யட்டும். சூடோ புகையோ பட்ட உணவு, மருந்து, அழகுசாதனப் பொருட்களில் யோசனையே வேண்டாம், குப்பைதான். தீத்தடுப்புப் பெட்டகத்தைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் திறக்காதீர்கள். உள்ளே தப்பிப் பிழைத்த காகிதம் காற்று பட்டதும் பற்றிக்கொள்ளும், முழுக்க ஆறும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.